ரிமோட் டெஸ்க்டாப்பை இரண்டாவது மானிட்டரில் மட்டும் முழுத்திரையாக வைத்து எட்டு மாதம் ஓட்டிய கதை

எனக்கு வேண்டியிருந்தது ரொம்பச் சின்ன விஷயம். மேசையில் இரண்டு மானிட்டர். இடது பக்கம் என் சொந்தக் கணினி, அதில் மெயில், அரட்டை, பாட்டு, மூடாமல் விட்ட பத்துப் பன்னிரண்டு பிரௌசர் டேப். வலது பக்கம் எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைக் கணினி, திரை முழுக்க, ஓரத்தில் ஒரு கோடுகூடத் துருத்தாமல், அந்த மானிட்டரே அந்தக் கணினிக்குப் பிறந்தது மாதிரி. அவ்வளவுதான். இதற்கென்று புதிதாக எதையும் நிறுவாமல், தூரத்துக் கணினியின் திரையை இங்கே கொண்டுவந்து காட்டும், விண்டோஸுடனேயே வரும் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனை வைத்து எட்டு மாதமாக இப்படித்தான் வேலை பார்க்கிறேன். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம், அதுவும் இந்த ஒரு காரியத்தை அது எப்படிச் செய்கிறது என்பதைப் பற்றி மட்டும். பிரின்டர் வருமா, சத்தம் வருமா, கோப்பு நகலெடுக்கலாமா என்பதெல்லாம் வேறு பேச்சு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை பிரமாதமாக நடக்கிறது, ஆனால் நடக்க வைக்கும் வழியைக் கொண்டுபோய் அடுக்களையின் பின்பக்கம் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

விண்டோஸ் விசையும் ஆரும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் எம்எஸ்டிஎஸ்சி என்று அடித்தால் திறக்குமே, அந்தச் சின்ன ஜன்னல்தான். மைக்ரோசாஃப்ட் டெர்மினல் சர்வீசஸ் கிளையன்ட் என்பதன் சுருக்கம் அது, பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் கோப்பின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் ஷோ ஆப்ஷன்ஸ் அழுத்தி டிஸ்ப்ளே டேபுக்குப் போனால் இரண்டே விஷயம் கண்ணில் படும். ஒன்று, திரை அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர், வலது கடைசிக்குத் தள்ளினால் முழுத்திரை. இன்னொன்று, எல்லா மானிட்டர்களையும் பயன்படுத்து என்று ஒரு டிக். டிக் போட்டால் இரண்டு திரையையும் சேர்த்து விழுங்கிவிடும், என் மெயிலும் பாட்டும் அதற்கடியில் போய்ப் புதைந்துவிடும். டிக் போடாவிட்டால் ஒரே மானிட்டர், ஆனால் அது எது என்பதை நீங்கள் சொல்ல அங்கே இடமே கிடையாது. பெரும்பாலும் முதன்மை மானிட்டரில், அதாவது நான் விட்டுவைக்க நினைக்கும் அந்த இடது மானிட்டரிலேயே வந்து உட்காரும். ஒன்று எல்லாம், இல்லையென்றால் அது இஷ்டப்பட்ட ஒன்று. "இந்த ஒன்றில் மட்டும்" என்று சொல்ல ஒரு சின்ன கீழிறங்கு பட்டியல் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சரி, கையால் செய்யும் வழி ஒன்று உண்டு, முதல் இரண்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். செஷன், அதாவது இணைந்த பிறகு தெரியும் தூரத்துக் கணினியின் திரை, இடது மானிட்டரில் முழுத்திரையாகத் திறக்கும். மேலே நடுவில் நீலப் பட்டை ஒன்று எட்டிப் பார்க்கும், கனெக்‌ஷன் பார் என்பார்கள். அதன் வலது ஓரத்தில் மூன்று பொத்தான், நடுவில் இருப்பதை அழுத்தினால் முழுத்திரை சாதாரண ஜன்னலாகச் சுருங்கும். அதன் தலைப்பைப் பிடித்து வலது மானிட்டருக்கு இழுத்துப் போய் விட்டு, மேக்ஸிமைஸ் அழுத்தினால் அங்கேயே முழுத்திரையாக விரியும். ஐந்து விநாடி வேலைதான். ஆனால் தினமும் காலையில் ஒரு தடவை, இணைப்பை மூடித் திறக்கும்போதெல்லாம் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்று செய்துகொண்டே இருந்தால், தினமும் கதவைத் திறக்கும்போது தாழ்ப்பாளை ஒரு தடவை உதைத்துத் திறப்பது மாதிரி ஆகிவிடுகிறது. கதவு திறக்காமல் இல்லை, எரிச்சல்தான்.

இதில் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. கனெக்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அந்தச் சின்ன ஜன்னலை வலது மானிட்டருக்கு நகர்த்தி வைத்துவிட்டு அங்கிருந்து அழுத்தினால், பெரும்பாலும் செஷனும் அங்கேயே திறக்கும். இரண்டு மானிட்டரும் ஒரே அளவாக இருந்து, வாரத்துக்கு ஒரு தடவைதான் ரிமோட்டில் நுழைவீர்கள் என்றால் இது போதும், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம்.

ஒரே அளவு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த ரிமோட் டெஸ்க்டாப் வேலை செய்யும் விதம் அப்படி. அந்தப் பக்கக் கணினியில் மாட்டியிருக்கும் மானிட்டரைப் படம் பிடித்து அனுப்புவதில்லை இது. அங்கே மானிட்டரே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் இணையும்போது உங்கள் திரை எத்தனைக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டு, அந்த அளவுக்கு ஒரு புது டெஸ்க்டாப்பை அங்கே உருவாக்கித் தருகிறது. தையற்காரர் அளவெடுத்துத் தைப்பது மாதிரி. அதனால்தான் எழுத்து அவ்வளவு துல்லியமாக இருக்கிறது, பிக்சலுக்குப் பிக்சல் பொருந்துகிறது. ஆனால் இடது மானிட்டருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைக் கழற்றி வலது மானிட்டருக்கு மாட்டினால் என்ன ஆகும்? இடது மானிட்டர் என்று நான் சொல்லும் என் மடிக்கணினித் திரை 1920க்கு 1200, வெளியே இருக்கும் வலது மானிட்டர் 1920க்கு 1080. அகலம் ஒன்றுதான், உயரத்தில் 120 பிக்சல் வித்தியாசம். பழைய விண்டோஸ் 7 ஓடும் ஒரு கணினிக்குள் இப்படிப் போய், செஷனை வலது பக்கம் இழுத்துப் போட்டால், கீழே டாஸ்க்பார் காணாமல் போய் ஓரத்தில் ஸ்க்ரோல் பார் வந்து நிற்கும். அந்த 120 பிக்சலுக்குள்தான் டாஸ்க்பார். ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவதற்காகத் திரையைக் கீழே இழுக்க வேண்டியிருந்த நாட்களை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

விண்டோஸ் 8.1க்குப் பிறகு வந்த கணினிகளில் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. ஜன்னலின் அளவு மாறினால் அந்தப் பக்க டெஸ்க்டாப்பும் ஒரு கணம் கண் சிமிட்டிவிட்டு புது அளவுக்கு மாறிக்கொள்ளும். ஸ்மார்ட் சைஸிங் என்று இன்னொரு அமைப்பும் இருக்கிறது, அது அளவை மாற்றாது, படத்தையே இழுத்தோ சுருக்கியோ பொருத்தும், எழுத்தெல்லாம் நனைந்த தாளில் எழுதியது மாதிரி ஆகிவிடும். நாள் முழுக்கக் கோடும் எண்ணும் பார்க்கிற ஆளுக்கு அது சரிப்படாது. வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இணைப்பின் அமைப்புகளை ஜெனரல் டேபில் சேவ் ஆஸ் கொடுத்து ஒரு ஆர்டிபி கோப்பாகச் சேமிக்கலாம் அல்லவா, அந்தக் கோப்பு வெறும் டெக்ஸ்ட் கோப்பு. நோட்பேடில் திறந்தால் வரிவரியாக எல்லாம் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒரே வார்ப்பு: அமைப்பின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, எண்ணாக இருந்தால் ஐ என்ற எழுத்து, சொல்லாக இருந்தால் எஸ், மறுபடி முக்காற்புள்ளி, அப்புறம் மதிப்பு. அந்த வெள்ளை ஜன்னலில் காட்டாத எத்தனையோ அமைப்புகள் இங்கே எழுதினால் வேலை செய்யும். அதில் ஒன்றுதான் நாம் தேடும் விஷயம், பெயர் செலக்டட்மானிட்டர்ஸ், இடைவெளி இல்லாமல் ஒரே சொல்.

அதில் எழுதுவதற்கு மானிட்டரின் எண் தெரிய வேண்டும். ரன் பெட்டியில் எம்எஸ்டிஎஸ்சி என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, எல் என்ற எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். என்னிடம் வந்தது இப்படி: முதல் வரியில் 0, அதற்குப் பக்கத்தில் 1920 x 1200, அடைப்புக்குள் 0, 0, 1919, 1199. இரண்டாவது வரியில் 1, பக்கத்தில் 1920 x 1080, அடைப்புக்குள் 1920, 0, 3839, 1079. அடைப்புக்குள் இருப்பது ஒவ்வொரு மானிட்டரும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்ற கணக்கு. 1920இல் ஆரம்பிப்பது வலது பக்க மானிட்டர் என்று பார்த்தவுடனே புரிந்துவிடும், ஆக எனக்கு வேண்டிய எண் 1.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்தேன், நீங்களும் விழக்கூடும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஐடென்டிஃபை அழுத்தினால் மானிட்டர்களில் பெரிதாக 1, 2 என்று காட்டுமே, அந்த எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அது 1இலிருந்து எண்ணுகிறது, இது பெரும்பாலும் 0இலிருந்து எண்ணுகிறது, வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நான் ஐடென்டிஃபை காட்டிய 2 என்ற எண்ணை நம்பிக் கோப்பில் எழுதிவிட்டு அரை மணி நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். பெட்டியில் வரும் எண்ணை மட்டுமே நம்புங்கள்.

எண் கிடைத்துவிட்டதா? ஆர்டிபி கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறங்கள். மூன்று வரி சரியாக இருக்க வேண்டும். ஸ்க்ரீன் மோட் ஐடி என்ற வரியின் கடைசியில் 2 இருக்க வேண்டும், 2 என்றால் முழுத்திரை, 1 என்றால் ஜன்னல். யூஸ் மல்ட்டிமான் என்ற வரியின் கடைசியில் 1 வேண்டும். ஒரே மானிட்டர் போதும் என்று சொல்லிவிட்டுப் பல மானிட்டர் அமைப்பை ஏன் இயக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அதை இயக்கினால்தான் அடுத்த வரியை அது மதிக்கும், இல்லையென்றால் கண்டுகொள்ளாமல் போய்விடும். அந்த அடுத்த வரிதான் செலக்டட்மானிட்டர்ஸ், முக்காற்புள்ளி, எஸ், முக்காற்புள்ளி, 1. இது கோப்பில் ஏற்கெனவே இருக்காது, கடைசியில் நீங்களே புது வரியாகச் சேர்க்க வேண்டும். பெயர்களை நான் தமிழில் எழுதியிருக்கிறேனே தவிர, கோப்பில் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்துதான். சேமித்துவிட்டு, கோப்பை இரட்டைக் கிளிக் செய்யுங்கள்.

முதல் தடவை அது நேராக வலது மானிட்டரில் போய், எதையும் தொடாமல், இழுக்காமல், முழுத்திரையாக விரிந்தபோது நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், மூன்று வரிக்கு.

மூன்று மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் லாபம். எண்களைக் காற்புள்ளி போட்டு எழுதினால் இரண்டில் ரிமோட், ஒன்றில் சொந்தக் கணினி என்று பிரித்துக்கொள்ளலாம். முதலில் எழுதும் எண்தான் அந்தப் பக்கத்துக்கு முதன்மை மானிட்டர். தேர்ந்தெடுக்கும் மானிட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும், நடுவில் ஒன்றை விட்டுவிட்டு இரண்டு ஓரங்களையும் எடுக்க முடியாது.

கொஞ்சம் பழங்கதை. விண்டோஸ் விஸ்டா காலத்தில், கட்டளையோடு சேர்த்து அடிக்க ஸ்பான் என்று ஒரு சுவிட்ச் இருந்தது, இரண்டு மானிட்டரையும் ஒட்டவைத்து ஒரே நீளத் திரையாக அந்தப் பக்கக் கணினிக்குக் காட்டும். உயரம் ஒன்றாக இருக்க வேண்டும், மொத்தம் 4096க்கு 2048ஐத் தாண்டக் கூடாது. இதில் பெரிய வேடிக்கை, ஒரு ஜன்னலை மேக்ஸிமைஸ் செய்தால் இரண்டு மானிட்டரிலும் பரந்து, எச்சரிக்கைப் பெட்டி வந்தால் இரண்டு சட்டத்துக்கும் நடுவில் பாதி இங்கே பாதி அங்கே என்று நிற்கும். 2009இல் விண்டோஸ் 7 வந்தபோதுதான் மல்ட்டிமான் வந்து, ஒவ்வொரு மானிட்டரையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ள ஆரம்பித்தது. அப்போதும் அந்தப் பக்கக் கணினியில் என்டர்பிரைஸ் அல்லது அல்டிமேட் பதிப்பு இருந்தால்தான் உண்டு, புரொஃபஷனல் பதிப்புக்குக் கிடையாது. இன்றைக்கும் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை, ஹோம் பதிப்பிலிருந்து வெளியே இணையலாம், ஆனால் ஹோம் பதிப்பு ஓடும் கணினிக்குள் இந்த வழியில் நுழைய முடியாது.

மல்ட்டிமான் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வரியும் கோப்பில் இருக்கிறது, வின்பாஸ்எஸ்டிஆர் என்று வாயில் நுழையாத பெயர். ஜன்னல் எந்த இடத்தில் திறக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கும், கடைசி நான்கு எண்களும் இடது, மேல், வலது, கீழ். அதை வலது மானிட்டருக்குள் விழுகிற மாதிரி மாற்றினால், முழுத்திரையும் அந்த மானிட்டரைத் தேடிப் போகும். இரண்டாவது மானிட்டர் முதன்மை மானிட்டருக்கு இடது பக்கம் இருந்தால் எண்கள் கழித்தல் குறியோடு வரும், கழித்தல் 1920இலிருந்து ஆரம்பிக்கும். குறியை விட்டுவிட்டு "வேலையே செய்யவில்லை" என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் செலக்டட்மானிட்டர்ஸ் வழிதான் சுத்தம், அளவும் அந்த மானிட்டருக்கே சரியாக எடுக்கிறது.

இனி தினப்படிப் புழக்கம். வலது பக்கம் ரிமோட் முழுத்திரையாக இருக்கும்போது இடது பக்கம் கிளிக் செய்தால் ரிமோட் மறைந்துவிடுமோ என்று பயம் இருந்தது. இல்லை, அசையாமல் அப்படியே நிற்கிறது. மவுஸ் எல்லை தாண்டிப் போய்வருகிறது, இடையில் சுவர் எதுவும் இல்லை. இடது பக்கம் காப்பி செய்து வலது பக்கம் ஒட்டலாம். இந்த விஷயத்தில் பத்துக்குப் பத்து.

கீபோர்டுதான் கொஞ்சம் பழக வேண்டும். இயல்பாக இருக்கும் அமைப்பில், முழுத்திரையில் இருக்கும்போது மட்டும் விண்டோஸ் விசையும் ஆல்ட் டேபும் ரிமோட்டுக்குப் போகும். மவுஸை வலது பக்கம் கிளிக் செய்துவிட்டு ஆல்ட் டேப் அடித்தால் அந்தக் கணினியின் ஜன்னல்கள் வரும், இடது பக்கம் கிளிக் செய்துவிட்டு அடித்தால் இந்தக் கணினியின் ஜன்னல்கள். தர்க்கப்படி சரிதான், ஆனால் கண் ஒரு பக்கமும் கிளிக் ஒரு பக்கமும் இருந்தால் கை ஏமாந்துவிடுகிறது. ஒருநாள் எழுந்து போகும்போது வழக்கம்போல விண்டோஸ் விசையும் எல்லும் அழுத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ரிமோட் பத்திரமாகப் பூட்டியிருக்கிறது, என் சொந்தக் கணினி மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு போவோர் வருவோரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து எழுந்திருக்கும் முன் இடது பக்கம் ஒரு கிளிக், அப்புறம்தான் பூட்டு. லோக்கல் ரிசோர்சஸ் டேபில் இதை மாற்றி எப்போதும் சொந்தக் கணினிக்கே போகும்படி வைக்கலாம், ஆனால் அப்படி வைத்தால் ரிமோட்டில் ஆல்ட் டேப் இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது.

கன்ட்ரோல் ஆல்ட் டெலிட்டை ரிமோட்டுக்கு அனுப்ப கன்ட்ரோல் ஆல்ட் எண்ட். முழுத்திரைக்கும் ஜன்னலுக்கும் மாற கன்ட்ரோல் ஆல்ட் பிரேக். இந்த பிரேக் என்ற விசை இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் கிடையவே கிடையாது, சிலவற்றில் எஃப்என் விசையோடு பி போன்ற ஏதோ ஒரு எழுத்தைச் சேர்த்தால் வருகிறது, அதையும் கீபோர்டின் மேல் எழுதியிருக்க மாட்டார்கள். தனியாகப் பெரிய கீபோர்டு மாட்டியிருப்பவர்கள் பாஸ் விசையைத் தேடுங்கள், அதுதான். கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் வெளியே வர வேண்டும் என்றால் கன்ட்ரோல் ஆல்ட் ஹோம், அது அந்த நீலப் பட்டையை எழுப்பும்.

நீலப் பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையின் உச்சியில் சரியாக நடுவில், அதாவது பிரௌசரின் டேப்கள் இருக்கும் அதே இடத்தில் வந்து தொங்கும். டேபைக் கிளிக் செய்யப் போனால் பட்டை இறங்கி வந்து குறுக்கே நிற்கும். பட்டையில் இருக்கும் குண்டூசிக் குறியை எடுத்துவிட்டால் தானாக மேலே ஒளிந்துகொள்ளும், ஆனால் மவுஸ் உச்சிக்குப் போனதும் மறுபடி இறங்கும். அதைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து ஓரமாகத் தள்ளிவைக்க முடியும் என்பது எனக்கு ஐந்தாவது மாதம்தான் தெரிந்தது. தெரியாதவர்கள் இப்போதே போய் இழுத்துப் பாருங்கள். டிஸ்ப்ளே டேபில் டிக்கை எடுத்தால் பட்டையே வராது. நான் எடுக்கவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது.

காரணம் இதுதான். இரண்டு திரையும் ஒரே மாதிரி விண்டோஸ், ஒரே மாதிரி வால்பேப்பர், இரண்டிலும் கறுப்பாக ஒரு கமாண்ட் ஜன்னல். சாயங்காலம் என் கணினியை அணைப்பதற்காக ஷட்டவுன் கட்டளையை அடித்து என்டர் தட்டினேன். இடது பக்கம் எதுவும் நடக்கவில்லை. வலது பக்கம் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு பெட்டி. அந்தப் பக்கக் கணினி அணைந்துவிட்டது, அதை மறுபடி எழுப்ப யாராவது போய்ப் பொத்தானை அமுக்க வேண்டும். அங்கே இருந்த சக ஊழியரைக் கூப்பிட்டு, "சார், என் சீட்டில் இருக்கிற சிபியூவைக் கொஞ்சம் ஆன் பண்ணிவிடுங்க" என்றேன். "நீங்கதானே இப்போ அதுல வேலை பார்த்துட்டு இருந்தீங்க, யாரு சார் ஆஃப் பண்ணாங்க?" என்று அவர் கேட்டதற்குக் கரண்ட் போயிருக்கும் என்று சொல்லிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது, மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது தன் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்தது, எது எந்தக் கணினி என்றே மறந்துவிட்டது. அன்றைக்கே ரிமோட்டின் வால்பேப்பரை எடுத்துவிட்டு அடர்ந்த செம்மண் நிறம் போட்டேன், கமாண்ட் ஜன்னலுக்கும் வேறு நிறம். நீலப் பட்டையும் அதனால்தான் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், அதில் கணினியின் பெயர் தெரிகிறது.

நிஜமாகவே குறை என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு. முதலாவது ஸ்கேலிங், அதாவது எழுத்தையும் ஐகானையும் எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது என்ற அமைப்பு. மடிக்கணினித் திரை 150 சதவிகிதத்தில், வெளி மானிட்டர் 100 சதவிகிதத்தில் இருந்தால், செஷனை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் நகர்த்தும்போது சில மென்பொருட்களின் எழுத்து மங்கலாகவோ, ஐகான்கள் பூதாகரமாகவோ தெரியும். எந்த அளவில் உள்ளே நுழைந்தோமோ அதையே அவை பிடித்துக்கொண்டிருக்கின்றன, ரிமோட்டில் சைன் அவுட் செய்து மறுபடி நுழைந்தால்தான் தெளிகிறது. வெறுமனே இணைப்பைத் துண்டித்துச் சேர்த்தால் எல்லா மென்பொருளுக்கும் அது போதவில்லை. கோப்பு வழியாக ஆரம்பத்திலிருந்தே சரியான மானிட்டரில் திறந்தால் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட வருவதே இல்லை, அதற்காகவாவது அந்த மூன்று வரியை எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, மானிட்டரின் எண் நிலையானது இல்லை. மடிக்கணினியை டாக்கில், அதாவது மானிட்டர், கீபோர்டு கேபிள்களெல்லாம் சேரும் பெட்டியில், மாட்டிக் கழற்றினாலோ, கிராஃபிக்ஸ் டிரைவர் புதுப்பித்தாலோ, கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினாலோ எண் மாறலாம். நேற்று வரை 1 என்று இருந்த மானிட்டர் ஒரு திங்கட்கிழமை காலை 2 ஆகியிருந்தது. கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் ரிமோட் தவறான திரையில் வந்து உட்கார்ந்தது. மறுபடி அந்த எல் சுவிட்ச், மறுபடி நோட்பேட், ஒரு எண்ணை மாற்றிச் சேமி. அரை நிமிட வேலை என்றாலும், மானிட்டரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். எட்டு மாதத்தில் எனக்கு மூன்று தடவை மாறியது.

மற்றவற்றையும் தொட்டுப் பார்க்காமல் இல்லை. அந்தப் பக்கத் திரையைப் படம் பிடித்து அனுப்பும் வகை மென்பொருள் ஒன்றைக் கொஞ்ச நாள் ஓட்டினேன், பெயர் வேண்டாம். அந்த வகையில் அங்கே என்ன மானிட்டர் இருக்கிறதோ அதன் அளவுதான் உங்களுக்கும், அதனால் என் மானிட்டரில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. போதாக்குறைக்கு நான் என்ன செய்கிறேன் என்பதை அங்கே இருப்பவர்கள் திரையில் வேடிக்கை பார்க்கலாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் நீங்கள் நுழைந்ததும் அங்கே இருக்கும் திரை பூட்டிக்கொள்ளும். ஒருவருக்கு உதவி செய்ய முதல் வகை, நாள் முழுக்க வேலை பார்க்க இரண்டாவது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பல கணினிகளுக்குள் போய்வருபவர்களுக்கு ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் மேனேஜர் என்று ஒன்று உண்டு. பாதுகாப்பு ஓட்டை காரணமாக 2020இல் அதைக் கைவிட்டார்கள், 2021இல் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் மறுபடி உயிர் வந்தது. பட்டியலாக வைத்துக்கொள்ள அருமை, ஆனால் ஒரே கணினி, ஒரே மானிட்டர் என்ற என் தேவைக்கு அது யானைப்பசிக்குச் சமைக்கும் அண்டா. லினக்ஸில் இதே வேலைக்கு ஃப்ரீஆர்டிபி என்ற மென்பொருள் இருக்கிறது, அதில் மானிட்டர்களைப் பட்டியல் போடவும், எந்த எண் வேண்டும் என்று கட்டளையிலேயே சொல்லவும் சுவிட்ச் உண்டு, முழுத்திரையிலிருந்து வெளியே வர கன்ட்ரோல் ஆல்ட் என்டர். பிரேக் விசையைத் தேடி அலைய வேண்டாம் என்பதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு. மேக்கில் 2024இலிருந்து இதற்குப் பெயர் விண்டோஸ் ஆப். அங்கே ஜன்னலை இரண்டாவது மானிட்டருக்கு இழுத்துப் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும், ஆனால் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி ஸ்பேஸ் (தனி டெஸ்க்டாப்) என்ற மேக்கின் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு மானிட்டர் கறுப்பாகிச் சும்மா நிற்கும்.

மதிப்பெண் கேட்டால், திரையில் வந்த பிறகு அது நடந்துகொள்ளும் விதத்துக்கு 5க்கு 5. அங்கே கொண்டுவந்து சேர்க்கும் வழிக்கு 5க்கு 2, அந்த இரண்டும் நோட்பேடில் திருத்த விட்டதற்காக. என் டெஸ்க்டாப்பில் இப்போது இரண்டு ஆர்டிபி கோப்பு இருக்கின்றன. ஒன்றின் பெயர் "வலது மட்டும்". இன்னொன்று "இரண்டும்", பெரிய விரிதாள் வரும் நாட்களுக்கு. மூன்றாவதாக ஒரு டெக்ஸ்ட் கோப்பையும் அவற்றுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், அதில் மானிட்டர் எண் பார்க்கும் அந்த ஒரு கட்டளை மட்டும், அடுத்த தடவை டாக்கைக் கழற்றி மாட்டும் நாளுக்காக.